மச்சக்காரன் கொடுத்த டப்பா

அந்த டப்பாவில் இருந்தது என்னுடையது இல்லை. கதையை ஆரம்பிக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “ஒண்ணுகூட இல்லை” என்று சொன்னபோது, அந்த அறையில் இருந்த மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் சிரிப்பு வந்தது.

“ஒண்ணுகூடன்னா?” என்று என் மனைவி கேட்டாள்.

“சைபர்.”

சிரிப்பு நின்று கோபம் வந்தது. டப்பா மச்சக்காரனுடையது. மச்சக்காரனும் நானும் லிஃப்ட் மெக்கானிக்குகள். நான் சீனியர், அவன் எனக்கு ஜோடி. கல்யாணமாகி ஆறே வருடத்தில் மூன்று பிள்ளைகள் பெற்றவன் என்பதால் கம்பெனியில் அவனுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். எனக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

டாக்டரம்மா என்னைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் நான் வேலையைக் காரணம் சொல்லித் தப்பித்துவந்தேன். லிஃப்ட்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டதாகச் சொன்னேன். அடுத்த முறையும் ஆள் மாட்டிக்கொண்டது. என் பேச்சை நம்பினால் அந்த வருடம் ஊரில் பாதிப் பேர் லிஃப்ட்டுக்குள்தான் குடியிருந்தார்கள். கடைசியில் டாக்டரம்மா ஒரு டப்பாவை என் மனைவி கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அவள் அதை என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, மத்தியானத்துக்குள் லேபில் சேர்க்காவிட்டால் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

எனக்குப் பயம். இதைச் சொல்வதில் என்ன வெட்கம், பயம்தான். பெயிலாகிவிடுவோம் என்று தெரிந்தவன் என்ன செய்வான்? வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குபவனைத் தன் இடத்தில் உட்காரவைத்துப் பரீட்சை எழுதச் சொல்வான். அன்றைக்கு நாங்கள் ஒரு அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் வேலையில் இருந்தோம். மச்சக்காரனைக் கழிவறை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய் டப்பாவை நீட்டினேன். ஒரு டெஸ்ட், எனக்குப் பதட்டத்தில் கைகூடவில்லை, நீ நிரப்பிக் கொடு, கேள்வி கேட்காதே என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். டப்பாவைப் பார்த்தான். நட்டு முடுக்கப் போகிறவன்போல உள்ளே போய், என் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தான். நல்லவன். உண்மையிலேயே ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்த முதல் மார்க் மாணவன்தான் எனக்கு முட்டை மார்க் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

“இருக்காது டாக்டர். அவனுக்குப் போய் எப்படி…” என்று ஆரம்பித்துவிட்டேன்.

“எவனுக்கு?”

“லேபுக்கு. லேப்காரனுக்கு எப்படி அவ்வளவு சரியாத் தெரியும்னு கேட்டேன்.”

“அவருக்கு அதுதான் சார் வேலை” என்றார் டாக்டரம்மா. பிறகு ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் எடுத்தார். அந்த ரத்தம் என்னுடையதுதான். நர்ஸம்மா ஊசியோடு நிற்கும்போது மச்சக்காரனுடைய கையை என் தோளில் ஒட்டவைக்க முடியவில்லை.

அதில் ஆண் ஹார்மோன் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை, பெண் ஹார்மோன் இருக்க வேண்டியதைவிட அதிகம் என்றார். எழுந்து வந்து, என் சட்டைப் பட்டன்களுக்கு நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வயிற்றைப் பேனாவால் காட்டினார்.

“இது சும்மா தொங்கிக்கிட்டிருக்கிற மூட்டைன்னு நினைக்காதீங்க. கொழுப்புக்குன்னு தனியா வேலை இருக்கு. உங்க ஆண் ஹார்மோனை எடுத்துப் பெண் ஹார்மோனா மாத்திக்கிட்டிருக்கு. மூளை அதைப் பாத்துட்டு, அதான் நிறைய இருக்கேன்னு நினைச்சு, கீழ அனுப்பற உத்தரவைக் குறைச்சிடுது. அப்புறம் கீழ உற்பத்தி எப்படி நடக்கும்?”

எனக்குப் புரிந்தது, அதுதான் கொடுமை. சில லிஃப்ட்டுகளில் எடை காட்டும் கருவி கெட்டுப்போனால், காலியாக இருக்கும்போதே ஆள் நிரம்பிவிட்டதாக நினைத்துக்கொண்டு எந்த மாடியிலும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வெளியே நிற்பவர்கள் பட்டனை அமுக்கி அமுக்கி வைய வேண்டியதுதான்.

எடை மட்டுமே ஒருவரைச் சைபராக்குவது அபூர்வம் என்றும் அவர் சொன்னார். முதலில் எடையைக் குறைக்க வேண்டும். புதிதாக விந்தணு உற்பத்தியாக மூன்று மாதம் பிடிக்கும். அதற்குப் பிறகும் சைபராகவே இருந்தால், ஊசியைப் போட்டு உற்பத்தியாகும் இடத்திலிருந்தே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. நான் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். போன வருடம் முழுக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவளுக்கு மாதக்கணக்கு தாறுமாறாக இருந்தது. உடம்பில் கொழுப்பு அதிகமாகி ஹார்மோன் குழம்பினால் கருமுட்டை நேரத்துக்கு வெளியே வராது, கொஞ்சம் இளைத்தாலே சரியாகலாம் என்று இதே டாக்டரம்மா சொன்னார். அன்றிலிருந்து அவள் அவித்த காயும் வெள்ளரிக்காயுமாக வாழ்ந்தாள். கணக்கும் சரியாகிவிட்டது. நான் அவளுக்கு உறுதுணையாக இருந்தேன். அதாவது, அவள் தட்டிலிருந்து ஒதுக்கியதையெல்லாம் வீணாகாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியைவிட்டு வெளியே வந்ததும் அவள் முன்னால் நடந்தாள். தெருமுனையில் கேக் கடை. உள்ளே போனாள். க்ரீம் வழியும் பெரிய துண்டாகக் கேட்டு வாங்கி, நின்றபடியே, என்னைப் பார்த்துக்கொண்டே, வாய் வாயாகத் தின்றாள்.

“ஒரு வருஷமா இந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நடந்திருக்கேன்” என்றாள். “நீங்க பக்கத்துல வந்துக்கிட்டே, உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்னு சொல்லுவீங்க. வாயில ஏதாவது மென்னுக்கிட்டே சொல்லுவீங்க.”

நான் தலையை ஆட்டினேன். பிறகு, பழக்கதோஷம், “எனக்கும் ஒண்ணு சொல்லேன்” என்றேன்.

அவள் பார்த்த பார்வையோடு என் இனிப்புக் கணக்கு முடிக்கப்பட்டது.

அன்று சாயங்காலமே அவள் என் அக்காவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். அக்கா ஒன்பது வருடமாக என் மனைவியின் இடுப்பையும் தூக்கத்தையும் உப்பையும் சர்க்கரையையும் ஆராய்ச்சி செய்துவருபவர். டாக்டர் சொன்னதை என் மனைவி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். நம்ம வம்சத்துல அப்படி யாருக்கும் இருந்ததில்லையே என்றார் அக்கா. இப்போது இருக்கிறது அண்ணி, உங்கள் தம்பிக்குத்தான், எழுதியே கொடுத்திருக்கிறார்கள் என்றாள் இவள். அதை அவள் சொன்ன விதத்தில் ஒன்பது வருடக் கோபம் இருந்தது. அப்போது போய் ‘அது நான் இல்லை’ என்று எப்படிச் சொல்வது? அவளுக்குக் கிடைத்த ஒரே வெற்றியைப் பிடுங்க மனது வரவில்லை. எலும்பு முறியும் என்ற பயமும் இருந்தது.

அவள் சீருடை தைக்கும் கடையில் தையல்காரி. மறுநாள் காலையில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து என் இடுப்பை அளந்தாள். அளவைத் தையல் சாக்பீஸால் பீரோ கதவில் எழுதினாள். வாரம் ஒரு முறை அளப்பேன், கீழே இறங்காவிட்டால் பேச மாட்டேன் என்றாள். வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தேன். டேப்பை அப்படியே வைத்துக்கொண்டு நான் மூச்சு விடும்வரை காத்திருந்தாள். எத்தனை போலீஸ்காரர்களுக்குச் சீருடை தைத்திருப்பாள்.

இப்படியாக நான் பட்டினி கிடக்க ஆரம்பித்தேன். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவிப்பவனுக்கு வரும் கோபம் எப்படிப்பட்டது தெரியுமா? குற்றவாளி தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மத்தியானம் மச்சக்காரன் டப்பாவைத் திறந்தால் (இது சாப்பாட்டு டப்பா) வறுத்த வாசனை லிஃப்ட் ஏறி இறங்கும் கிணறு முழுக்க ஏறும். எனக்கு நாலு வெள்ளரித் துண்டும் ஒரு முட்டையும், அதில் மஞ்சள் கரு கிடையாது.

“ஏண்ணே இப்படி வத்திப்போறீங்க? கொஞ்சம் எடுத்துக்கங்க” என்பான்.

உன்னால்தான்டா என்று கத்த வேண்டும்போல இருக்கும். வெள்ளரியைக் கடிப்பேன்.

கோபம் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு எண்ணம் வந்து சேர்ந்தது. இவனுக்குச் சைபர் என்றால், அந்த மூன்று பிள்ளைகள்?

அந்த எண்ணத்தை நான் அடக்கத்தான் பார்த்தேன். ஆனால் மச்சக்காரன் நிமிடத்துக்கொரு தரம் போனில் படம் காட்டுகிறவன். மூத்தவன் மூக்கைப் பாருங்கண்ணே, அச்சு அசல் நான்தான் என்பான். நான் பார்த்தேன். எனக்கென்னவோ அது எங்கள் சூப்பர்வைசரின் மூக்காகத் தெரிந்தது.

சூப்பர்வைசர் நல்ல மனிதர். அவர் செய்த ஒரே குற்றம் அவருடைய மூக்கு. மச்சக்காரனுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தந்ததும் அவர்தான். இதுவரை இதையெல்லாம் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். பசித்த வயிற்றுக்கு எல்லாம் வேறு மாதிரி புரிகிறது. அவர் அலுவலகத்தில் மச்சக்காரனின் முதுகைத் தட்டினால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. பாவம், வெகுளிப் பயல், மூன்று பிள்ளைகளையும் தோளில் தூக்கித் திரிகிறான் என்று நினைத்தால் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பட்டினியில் கண்ணீர் சீக்கிரம் வரும்.

நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன். தம்பி, நீயும் ஒரு தரம் உடம்பை முழுசாகப் பரிசோதித்துக்கொள்ளேன் என்றேன். எனக்கு என்னண்ணே குறை, மூணு பெத்திருக்கேன் என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டேன்.

அவனுடைய கடைக்குட்டியின் பிறந்தநாளுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தான். என் மனைவி தைத்துக் கொடுத்த கவுனைக் குழந்தைக்குப் போட்டிருந்தார்கள். நான் கூடத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூன்று மூக்குகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவனுடைய மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முகத்தையும் உற்றுப் பார்த்தேன். எதையோ கண்டுபிடிக்கப் பார்ப்பவன்போல் பார்த்திருப்பேன். அவள் சட்டென்று நகர்ந்து போய்விட்டாள்.

சூப்பர்வைசர் வந்தார். குழந்தை அவரைப் பார்த்ததும் கையை நீட்டியது. அவர் தூக்கப் போனார். நான் நடுவில் புகுந்து குழந்தையை எடுத்துக்கொண்டேன்.

“போதும் சார்” என்றேன். “இதுவரைக்கும் நீங்க எடுத்துக்கிட்ட உரிமையே போதும்.”

சாதாரணமாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். கூடம் முழுக்கக் கேட்டிருக்கிறது. குழந்தை அழுதது. சூப்பர்வைசர் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார். மச்சக்காரன் என் கையைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

“என்னண்ணே பேச்சு இது?”

“ஒண்ணுமில்லடா. நீ வெகுளி. உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“என்ன தெரியாது? வந்ததுலேருந்து என் பிள்ளைங்களை முறைச்சுக்கிட்டே இருக்கீங்க. என் வீட்டுக்காரியையும் முறைக்கறீங்க. பிள்ளை இல்லாத வயித்தெரிச்சலா?”

அப்படி ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் இருவரும் கோபக்காரர்கள். யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் எங்களுக்கு வேலை மாற்றிக் கொடுத்தார். ஊரில் இருக்கும் உயரமான பழைய கட்டடங்கள் எல்லாம் எங்கள் தலையில் விழுந்தன. ஓடாத லிஃப்ட்டைச் சரி பார்க்கப் போகிறவன் எப்படிப் போவான்? படியேறித்தான் போக வேண்டும். மோட்டார் எப்போதும் மொட்டைமாடியில்தான் இருக்கும். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் இரைத்தபடி ஏற, மச்சக்காரன் பின்னால் முணுமுணுத்தபடி ஏறுவான். அவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். தொழிலுக்குத் தேவையான மூன்று வார்த்தைகள்தான். “மேல.” “கீழ.” “நிறுத்து.” நான் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டாலும் ‘நிறுத்து’ என்பான்.

ஆனால் படியேறியதில் வயிறு இறங்கியது. பீரோ கதவில் சாக்பீஸ் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. என் மனைவி வாராவாரம் பேண்ட்டைப் பிடித்துத் தைத்தாள். கன்னத்தில் இருந்த சதை போய், எங்கள் கல்யாணப் படத்தில் இருந்தவன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தான். அவளுக்கும் அவனை அடையாளம் தெரிந்தது. பேச ஆரம்பித்தாள். ஒரு நாள் டேப்பை இடுப்பைச் சுற்றிப் போட்டவள் அதைச் சீக்கிரம் எடுக்கவில்லை. அதற்குமேல் எழுத மாட்டேன்.

மறுபரிசோதனைக்கு நாள் வந்தபோது பழையபடி லிஃப்ட்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டது. ஊசியை நினைத்தால் யாருக்குத்தான் மாட்டாது. அப்படியே நான்காவது மாதமும் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா வந்திருந்தார். என் மனைவி குளியலறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் மெல்லிய வெள்ளைக் குச்சி. அதில் இரண்டு கோடுகள். எனக்குக் காட்டினாள். ஒன்பது வருடமாகக் காத்திருந்த இரண்டு கோடுகள். எனக்குக் கால் தரையில் படவில்லை. அவளைத் தூக்கிச் சுற்றியிருப்பேன், இப்போது வயிறு குறுக்கே வராது. ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. என்னையே பார்த்தபடி நின்றாள்.

அக்கா குச்சியை வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாகக் கேட்டார்.

“உனக்குத்தான் சைபர்னாங்களே தம்பி. அப்புறம் இது எப்படி?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, என் மனைவி ஏன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று. அக்கா கேட்பதற்கு முன்பே அந்தக் கேள்வியை அவள் கேட்டுக்கொண்டுவிட்டாள். நான் கேட்கப்போகிறேனா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடையைக் குறைச்சானே, அதனால இருக்கும்” என்று நான் மூன்றாம் மனிதனைப்போல என்னைப் பற்றியே சொன்னேன்.

“சைபருக்கு எடை மட்டும் காரணமா இருக்காதுன்னு டாக்டர் சொன்னதாத்தானே இவ சொன்னா?” என்றார் அக்கா. அவருக்கு ஞாபகசக்தி அதிகம், அதுவும் இந்த மாதிரி விஷயங்களில். என் மனைவியை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. தையல் கடை, கடைக்கு வருகிற போலீஸ்காரர்கள், இடுப்பளவு, எல்லாம்.

எனக்கு வந்த கோபத்தில் வீடே ஆடியிருக்க வேண்டும். ஆனால் கோபத்தைத் திருப்ப என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

“அக்கா, அவளை அப்படிப் பாக்காத. டப்பாவுல இருந்தது என்னுது இல்ல.”

சொல்லிவிட்டேன். மச்சக்காரன், கழிவறை, பயம், எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு என் மனைவியின் கையைப் பிடிக்கப் பார்த்தார். அவள் கையைக் கொடுக்கவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அப்ப அவருக்குத்தான் சைபர்” என்றாள்.

“ஆமா.”

“மூணு பிள்ளைங்க. அவங்கம்மாவை நீங்க அன்னிக்குப் பிறந்தநாள்ல பாத்தீங்களே ஒரு பார்வை, நானும் பாத்தேன். என்னன்னு அப்பப் புரியல.” அவள் குச்சியை என் அக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டாள். “இப்ப உங்க அக்கா என்னைப் பாத்தாங்களே, அதே பார்வை. நாலு மாசமா ஒருத்தியை அப்படிப் பாத்துட்டு, வீட்டுக்கு வந்து வெள்ளரிக்காய் சாப்பிட்டிருக்கீங்க.”

அவள் வாசல் கதவைத் திறந்தாள்.

“போங்க. அவர்கிட்ட நேருக்கு நேராச் சொல்லிட்டு வாங்க. வைத்தியம் பாத்துக்கணும்னா பாத்துக்கட்டும், உங்களை அறையணும்னா அறையட்டும். அதுவரைக்கும் பிள்ளைக்கு அப்பான்னு இந்த வீட்டுப்பக்கம் வராதீங்க.”

அவன் அன்றைக்கு வேலையில் இருந்தான். ஒரு பழைய குடியிருப்பு. எனக்கு விடுமுறை நாள் என்றாலும் படியேறிப் போனேன். மச்சக்காரன் லிஃப்ட்டின் கூரைமேல் குனிந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். நான் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் இறங்கினேன். நாலு மாதத்துக்கு முன் அந்தக் கூரையில் எங்கள் இருவருக்கும் சேர்த்து இடம் இருந்திருக்காது. கீழே போகும் பட்டனை அமுக்கி, இரண்டு மாடிகளுக்கு நடுவே வந்ததும் சிவப்புச் சுவிட்சை அடித்து நிறுத்தினேன். இருட்டுக் கிணற்றுக்குள் அவனும் நானும் ஒரு பல்பும்.

“மேல” என்றான்.

“போகலாம். முதல்ல நான் சொல்றதைக் கேளு. நடுவுல பேசாத.”

வருகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். முதலில் தத்துவத்தில் ஆரம்பித்தேன். பெற்றால்தான் பிள்ளையா, தோளில் தூக்கித் திரிகிறவன்தான் அப்பன் என்றேன். அவன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். எந்தப் பெண்ணையும் அவசரப்பட்டுத் தப்பாக நினைத்துவிடக் கூடாது, அவளுக்கும் ஏதாவது நியாயம் இருக்கும் என்றேன். அவன் ஸ்பேனரைக் கையில் எடுத்தான். உனக்கு வயது இருக்கிறது, எங்கள் டாக்டரம்மா கைராசிக்காரர், ஹார்மோன் என்பது கொஞ்சம் சரிபார்த்தால் சரியாகிவிடும், என்னைப் பார் என்று சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன்.

“அண்ணே” என்றான். அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “உங்களுக்கு என்ன ஆச்சு?”

“எனக்கு ஒண்ணும் ஆகல. அவ மாசமா இருக்கா. ஆனா நீ கொடுத்தியே டப்பா, அது குழந்தை பிறக்குமான்னு பாக்கற டெஸ்ட்டு. அதுல ஒண்ணுகூட இல்லையாம்டா. சைபர். உனக்குத்தான் சைபர். என்னை அடி. ஆனா வீட்டுல போய் அவகிட்ட எதுவும் கேக்காத.”

மச்சக்காரன் என்னைப் பார்த்தான். கிணற்றுக்குள் எங்கோ ஒரு கம்பி டிக் என்றது. அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன: பிறந்தநாள், மூக்கு, சூப்பர்வைசர், படிக்கட்டுகள். கோபத்தில் காது மடல்வரை சிவந்தது. ஸ்பேனரை ஓங்கப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“கடைக்குட்டி பிறந்த கையோட நான் கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்ணே” என்றான் அவன். “டப்பாவை நிரப்பிக் கொடு, கேள்வி கேக்காதன்னுதானே சொன்னீங்க, அதுல ஆள் இருக்கணும்னு சொன்னீங்களா?”